மூக்கர் சொன்ன தீர்ப்பு

நண்பர்கள் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். சோப்பு ஆலையில் வாசனை கலக்கிற வேலை. எந்தத் தைலம் எவ்வளவு சேர்ந்தால் ரோஜா சோப்பு ரோஜாவாக மணக்கும் என்று அந்த மூக்கு சொல்லிவிடும். பாழாய்ப்போன ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, மூக்கு திரும்பவில்லை.

முதலில் கண்டுபிடித்தது மனைவி. அடுப்பில் பால் அடிபிடித்துப் புகைந்துகொண்டிருக்க, அவர் அடுத்த அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வீடே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"

"ஜலதோஷம்."

"ஜலதோஷம் போய் எவ்வளவோ நாளாச்சு. முதலாளிகிட்ட சொல்லிடுங்க."

"மூக்கு போச்சுன்னு சொன்னா அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்பாரு?"

அவள் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். அவரும் பழைய அளவுகளை மனப்பாடமாகவே போட்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் போகிற இடம் எலும்பு டாக்டர் வீடு. டாக்டர் ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகத் தேடிப் பழைய வைன் சேர்ப்பதுதான் அவருக்குப் பைத்தியம். படிக்கட்டுக்குக் கீழே வெயில் படாத அறையில், மரத்தட்டுகளில் புட்டிகள் தூங்குகிற பிள்ளைகள் மாதிரி படுத்திருக்கும். ஒன்றைக்கூட விற்கமாட்டார், தனியாகவும் திறக்கமாட்டார். "தனியாக் குடிச்சா போதைதான் மிச்சம். பேச நாலு பேர் இருந்தாத்தான் ருசி" என்பார். அந்த நாலு பேரில் மூக்கர் ஒருவர், சோப்பு ஆலை முதலாளி ஒருவர், புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் ஒருவர். மூக்கர் என்ன சொல்கிறாரோ அதுதான் அங்கே தீர்ப்பு.

அன்றைக்கு டாக்டர் ஒரு புட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வந்தார்.

"என் பொண்ணு பிறந்த வருஷத்து வைன். ரெண்டே ரெண்டுதான் வச்சிருக்கேன். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டுக்காரங்க விருந்துக்கு வர்றாங்க. இது நல்லா இருந்தா இன்னொண்ணை அன்னிக்குத் திறக்கலாம்னு ஆசை." கொஞ்சம் தயங்கி, "ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாத்தினதுல இருந்து எது குடிச்சாலும் எனக்கு இரும்பை நக்கின மாதிரி இருக்கு. என் நாக்கை நம்ப முடியாது. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. புட்டிக்குள் வைன் கழுத்துக்குக் கீழே வெகுவாக இறங்கியிருந்ததை மூக்கர் பார்த்தார். தக்கை வழியே காற்றுப் புகுந்திருக்கும், அது நல்ல அறிகுறி இல்லை என்று அவருக்குத் தெரியும். டாக்டர் வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றினார். கண்ணாடிக் கோப்பையில் செங்கல் நிறம்.

மூக்கர் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினார். வெந்நீரை முகர்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தார். நாக்கில் ஏதோ புளித்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது எதிரே முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் டீச்சர் மெல்லக் கேட்டார்: "கொஞ்சம் காடி மாதிரி இல்ல? எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா?"

"டீச்சர்," என்று மூக்கர் சிரித்தார், "இது கணக்கு இல்ல, ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்றதுக்கு. வயசான வைனுக்கு அந்தப் புளிப்புதான் உயிர். நாக்கு பழகணும். போகப் போகப் புரியும்." பிறகு டாக்டரிடம், "உலர்ந்த அத்திப்பழம், பழைய தோல், மழை விட்ட மண். இதைவிட என்ன வேணும்? தைரியமாத் திறங்க" என்றார்.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. முதலாளி ஒரு மடக்குக்கு மேல் குடிக்கவில்லை. டாக்டர் மட்டும் பிள்ளை பாஸான தகப்பன் மாதிரி பூரித்துப்போனார்.

விருந்துக்கு மூவரையும் அழைத்திருந்தார். நீளமான மேசை, வெள்ளை விரிப்பு. இரண்டாவது புட்டியை ஏந்திக்கொண்டு டாக்டர் எழுந்து நின்றார். மகள் பிறந்த நாளில் மழை கொட்டியதையும், அவளைப் பார்க்க ஓடிய அவசரத்தில் ஒரு காலில் செருப்பில்லாமல் ஆஸ்பத்திரி போனதையும் சொல்லிச் சிரிக்கவைத்தார். பிறகு தன் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றினார்.

சம்பந்தி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது, மரியாதைக்காக விழுங்கினார். மாப்பிள்ளையின் அத்தை கைத்துண்டில் துப்பியேவிட்டார். "காடியை இவ்வளவு பத்திரமா வச்சிருந்திருக்கீங்களே!" என்று யாரோ சொல்ல, மேசையில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரும் சிரித்தார். ஆனால் புட்டியை மேசையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"குடிச்சுப் பார்க்காமலா கொண்டு வந்தீங்க?" என்றார் சம்பந்தி.

மூக்கர் தேள் கொட்டிய திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எழவில்லை.

டாக்டர் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "போன வாரம் இதோட ஜோடியை நான்தான் ருசி பார்த்தேன். என் நாக்குக்கு வயசாயிடுச்சு, மன்னிச்சிருங்க" என்றார்.

மறுநாள் காலை மூக்கர் டாக்டர் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"என்னை ஏன் காப்பாத்தினீங்க?" என்று கடைசியில் மூக்கர் கேட்டார்.

"விருந்துக்குக் கூப்பிட்டவனை எல்லார் முன்னாடியும் எப்படிய்யா விட்டுக்கொடுக்கறது?" டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாசனை போறது வியாதி. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. என் நாக்கு போனதை நான் சொல்லலையா? ஆனா அந்த டீச்சர் சரியாத்தான் சொன்னாங்க. அவங்க வாயை அடைச்சீங்க பாருங்க, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆசிரியர் அறையில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மூக்கர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு வீட்டுக்குப் போயி, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலைன்னு அழுதேன். நேத்து அவங்க துப்பினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அப்படிச் சந்தோஷப்பட்டதுக்கும் வெட்கப்பட்டேன்" என்றார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மறுபடி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

முதலாளியிடம் சொல்வதுதான் கடினம் என்று நினைத்திருந்தார். அது சீக்கிரம் முடிந்துவிட்டது.

"தெரியும்" என்றார் முதலாளி. "புதுசா வந்த தைலத்துக்கும் பழைய அளவையே போட்டிருக்கீங்க. ரோஜா சோப்பு மருந்து நாத்தம் அடிக்குதுன்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். அன்னிக்கு டாக்டர் வீட்டுலயாவது நான் வாயைத் திறந்திருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு."

அவரைச் சரக்கு வாங்குகிற பிரிவுக்கு மாற்றினார்கள். கலவை அறையைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் நடை தானாக வேகமெடுத்தது.

இரண்டு ஞாயிறுகள் அவர் டாக்டர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு டாக்டரே போன் பண்ணினார்: "ஆள் குறையுது, வாங்க."

போனார். ஓரமாக உட்கார்ந்தார். டாக்டர் புதுப் புட்டியைத் திறந்து முதல் கோப்பையை டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் முகர்ந்தார், குடித்தார், நிதானமாக யோசித்தார். "நல்லா இருக்கு. ஆனா ஏன்னு எனக்கு இன்னும் சொல்லத் தெரியலை" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கர் தன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அது எப்படி இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்க வாயெடுத்தார். கேட்க முடியவில்லை. முகம் சுட்டது. குனிந்து ஒரு வாய் குடித்தார்.