ஷட்டரைத் தொட்டுவிட்டு

எலும்பு ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு அக்கா என்று பெயர். பதினாறு வருடமாக அடுத்தவர் கைகால்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, "ஆறு வாரம் அசைக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, காலைக் கீழே ஊன்றக் கூடாது" என்று மிரட்டி அனுப்புகிறவள். பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் என் குரலுக்கு வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டில் இருக்கிற ஒரே ஒரு மனுஷனை ஒரு நாள் சும்மா உட்கார வைக்க எனக்குத் துப்பில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவரை அலாரம் என்பார்கள். விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் கேட் கிறீச்சிடும், அடுத்து தடதடவென்று ஷூ சத்தம். எதிர்வீட்டு டீச்சர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். மழை என்றாலும் ஓடுவார், காய்ச்சல் என்றாலும் ஓடுவார். அவருடைய தங்கை கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கிறார்கள், அண்ணன்காரனைக் காணோம். எல்லோரும் தேடி அலைந்த பிறகு, தொப்பலாக நனைந்த பனியனோடு வந்து நின்று, "வந்துட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு நாள் தவறியதில்லை. குறைந்தது இரண்டு கிலோமீட்டர், அதுதான் அவருடைய சட்டம். எங்கள் கேட்டிலிருந்து மெயின் ரோட்டு முனை வரை ஒரு கிலோமீட்டர், திரும்பி வர ஒன்று. அந்த முனையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், மதுக்கடை இருக்கிறது.

ஆமாம், குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சநஞ்சமில்லை. வேலை போய், நகை போய், ஒரு தடவை லிஃப்ட் குழிக்குள்ளேயே விழுந்து கிடந்தார். நான் பாட்டில் பாட்டிலாகத் தொட்டியில் கொட்டுவேன், அவர் அடுத்ததை வாங்கி வருவார். ஒரு நாள் விடிகாலையில் உடம்பு நடுங்க எழுந்து, கடை திறந்திருக்குமா என்று பார்க்க ஓடியிருக்கிறார். பூட்டியிருந்தது. ஷட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே ஓட்டமாகத் திரும்பி வந்தார். அன்றைக்கு முழுக்கக் குடிக்கவில்லை. மறுநாளும் கடை திறப்பதற்கு முன்னால் ஓடிப் போய் ஷட்டரைத் தொட்டுவிட்டு வந்தார். ஷூ வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் 2 என்று எழுதினார். தினமும் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவார். அழித்து அழித்து அந்த இடத்தில் பெயின்ட்டே போய்விட்டது.

எண் 3340 ஆன அன்றைக்குத்தான் கால் வலிக்கிறது என்று என் ஆஸ்பத்திரிக்கே வந்தார். மாதக்கணக்காக வலித்திருக்கிறது, என்னிடம் மூச்சு விடவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் மயிரிழை விரிசல். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

"ஆறு வாரம் கட்டு. ஓட்டம் கீட்டம்னு போனீங்க, எலும்பு ரெண்டா போயிடும். புரியுதா?"

அவர் புரிகிறது என்று தலையாட்டினார். என் அறைக்கு வந்து பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கழட்டி மாட்டற மாதிரி போட முடியுமா?"

"என்னது?"

"காலையில ஒரு கால் மணி நேரம். மத்தபடி நான் அசையவே மாட்டேன். சத்தியமா."

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? தினமும் இந்த அறையில நான் கத்துறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. ஒன்பது வருடமாக நான் பார்க்காத நடுக்கம். "நாளைக்குப் போகலைன்னா என்ன ஆவேன்னு எனக்கே தெரியலடி. பயமா இருக்கு."

நான் வெளியே வராந்தாவுக்குப் போய் அவருடைய தங்கைக்குப் போன் போட்டேன். திட்டுவாள், அண்ணனுக்குப் புத்தி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அழுதுவிட்டாள்.

"அண்ணி, கால் போனா கட்டைக்கால் வச்சுக்கலாம். அண்ணன் போனா என்ன பண்ணுவீங்க? ஓட விட்டுடுங்க அண்ணி."

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. நான் என்ன செய்யட்டும்? உள்ளே வந்து கட்டைப் போட்டேன். அது இறுகியதும் ரம்பத்தை எடுத்து, இரண்டு பக்கமும் நீளவாக்கில் அறுத்து, நிலக்கடலைத் தோல் மாதிரி இரண்டு ஓடாகப் பிரித்தேன். மேலே துணிப்பட்டையைச் சுற்றிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு முழுக்கட்டுத்தான். வீக்கம் இருக்கிற காலுக்கு நாங்கள் இப்படிப் பிளந்து விடுவது வழக்கம். டாக்டர் எட்டிப் பார்த்தபோது, "வீக்கம் இருக்கு சார், அதான்" என்றேன். பதினாறு வருட வேலையில் நான் சொன்ன முதல் பொய். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவளானேன்.

மறுநாளிலிருந்து தினமும் விடிகாலை நானே பட்டையை அவிழ்ப்பேன். ஓடுகளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அவர் போவார். அந்த ஷூ சத்தம் மாறிவிட்டிருந்தது. ஒரு தட், ஒரு இழுப்பு. அவர் திரும்பி வரும்வரை நான் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். வந்ததும் ஓடுகளை மாட்டிப் பட்டையைச் சுற்றுவேன். 3341, 3342 என்று பதினொரு நாள் போயிற்று. எலும்பு ஒருவேளை தானாகக் கூடிவிடுமோ என்று கூட நினைத்தேன். எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டு அப்படி நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பி வரவில்லை, ஒரு பால் வேன் வந்தது. பின்கதவைத் திறந்தால் கேன்களுக்கு நடுவே சுருண்டு கிடக்கிறார். டிரைவர் பாவம், பேயறைந்த மாதிரி இருந்தான்.

"அக்கா, கால் தொங்குது. தூக்க விடமாட்டேங்குறார். இன்னும் நானூறு மீட்டர்தான் இருக்கு, விடு தம்பி, தவழ்ந்தே போயிடறேன்னு என் கையைக் கடிக்க வர்றார்."

டாக்டர் இந்தத் தடவை தொடையிலிருந்து கால்விரல் வரை முழுக்கட்டுச் சொன்னார். பக்கத்திலேயே நின்றார்.

"ஏம்மா, வீக்கம்னு சொன்னியே, வத்தினப்புறம் பிளந்ததை ஏன் மூடல?"

நான் குனிந்து மாவுத்துணியைத் தண்ணீரில் நனைத்தேன். டாக்டரும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "மறுபடி இந்தக் கால் தரையில பட்டா எலும்பு கூடவே கூடாது. அப்புறம் வாழ்நாள் பூரா ஊன்றுகோல்தான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு வாரம் லீவு போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பார்த்தது அந்த அலமாரிக் கதவைத்தான். 3351 அப்படியே இருந்தது.

"அழிச்சிடு."

"எதுக்கு அழிக்கணும்? ஓட்டம்தான் நின்னுச்சு. நீங்க குடிக்காத நாள் நிக்கலையே? அதை எழுதுங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். "நீ அழிக்கலைன்னா நான் தவழ்ந்து வந்து அழிப்பேன்."

அழித்தேன். அன்று முழுக்க அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தட்டில் போட்ட சோறு காய்ந்துபோயிற்று. இரவு படுக்கும்போது கேட்டார்.

"கோலை ஊன்றி மெதுவா நடந்து போனா? அஞ்சு மணிக்குக் கிளம்பினா கடை திறக்கறதுக்குள்ள வந்துடலாம்."

"டாக்டர் சொன்னது காதில விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்ப வாயை மூடிட்டுப் படுங்க!"

அவர் தூங்கியதும் ஊன்றுகோல் இரண்டையும் எடுத்துக் குளியலறைக்கு மேலே இருக்கிற பரணில் ஏற்றி, பழைய பாயைப் போட்டு மூடினேன். இந்தத் தடவை என் வேலையைச் சரியாகச் செய்தேன் என்று ஒரு திருப்தி. கால் இருந்தால்தானே மற்றதெல்லாம்?

காலையில் ஐந்து மணிக்கு விழித்துக் கட்டிலைச் சுற்றித் தடவினார். ஐந்தரைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்வீட்டு டீச்சர், "அலாரம் இல்லாம எழுந்திருக்கவே முடியல" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். எட்டு மணிக்கு டீ குடித்தார். ஒன்பதரைக்குத் தூங்குகிற மாதிரி இருந்தார். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, காய்கறியும் வாங்கி வந்தேன். வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வந்தால் கட்டில் காலி. குளியலறை வாசலில் ஒட்டடைக் கோல் கிடந்தது, பரணிலிருந்த பாய் தரையில் கிடந்தது. நல்ல காலுக்குரிய ஷூவைக் காணோம்.

தெருவில் இறங்கி ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அவர் போகிற வழி ஒன்றுதான். தெரு வளைவைத் தாண்டியதுமே தூரத்தில் முனை தெரிந்தது, கடை ஷட்டர் மேலே ஏறியிருந்தது. பத்து மணிக்குத் திறக்கிற கடை. நான் கோலை ஒளித்து வைக்காமல் இருந்திருந்தால் அவர் இருட்டோடு போய், பூட்டியிருந்த ஷட்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பார். நான் அவரைத் தடுத்துத் தடுத்து, கடை திறந்திருக்கிற நேரத்துக்குக் கணக்காக அனுப்பி வைத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். பாதி வழியில், வெயிலில், இரண்டு கோலையும் முன்னால் வைத்து வைத்து. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்தில் ஒரு பை தொங்கியது. நான் கிட்டே போய்த் தாங்கப் பார்த்தேன்.

"தொடாதே. தொட்டா கணக்கில வராது."

நான் பக்கத்திலேயே நடந்தேன். பத்து அடிக்கு ஒரு தடவை நின்றார். கை சோர்கிறபோதெல்லாம் கட்டுப் போட்ட கால் டங்கென்று தரையில் பட்டது. ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் வலித்தது. மதுக்கடைப் பை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். போகட்டும். அந்த அரைக் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

கேட்டைத் தொட்ட பிறகுதான் படியில் சரிந்து உட்கார்ந்தார். பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பாட்டில் மூடி உடைபடாமல் இருந்தது.

"திறந்திருந்துச்சு. உள்ள போயிட்டேன். வாங்கிட்டேன்." மூச்சு வாங்கியது. "அங்கயே குடிச்சிருப்பேன். அப்புறம்தான் தோணுச்சு, இப்ப திரும்பிப் போனா ரெண்டு கிலோமீட்டர் ஆயிடுமேன்னு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அதுக்கு அந்தச் சனியனை அங்கயே போட்டுட்டு வரவேண்டியதுதானே!"

"முடியலடி" என்றார். "போடறதுக்கு முடியல. நீ கொட்டிடு."

தொட்டியில் கொட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் சமையலறையில் இருந்த அதே நாற்றம் மறுபடி எழுந்து நின்றது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து அவர் காலைப் பார்த்தேன். குதிகால் பக்கம் கட்டு நொறுங்கி மாவாக உதிர்ந்திருந்தது. கால்விரல்கள் வீங்கி, நீலம் பாரித்துக் கிடந்தன. நகத்தை அழுத்தினால் ரத்தம் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. பதினாறு வருடமாகப் பார்க்கிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, தாமதித்தால் காலே போய்விடும்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"போலாம்." அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "முதல்ல எழுது. ஒண்ணு."

"என்னங்க..."

"ஓடல, நடந்தேன். அதனால கூடாதுன்னா சொல்லிடு. நீ சொன்னா கேட்டுக்கறேன்."

கேட்டுக்கொள்வார்தான். என் ஒரு வார்த்தைக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைவிரல்கள் முழங்கால் மேல் நடுங்கிக்கொண்டிருந்தன. கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஜன்னல் வழியாக அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.

பென்சிலை எடுத்து, பெயின்ட் போன இடத்தில் 1 என்று எழுதினேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நான் ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கே எழுப்பி விட்டுடு. கடை திறக்கறதுக்குள்ள வந்துடணும்."