நெடி வராத மிளகாய்

பச்சையம்மாவின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அத்திப்பட்டுப் பக்கம் தண்ணி லாரி வந்து நிற்கும் முனையில் இறங்கி, ஆட்டைத் திட்டுகிற சத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும்.

"ஏய் மங்கா, பிளாஸ்டிக் கவர துன்னாத, வாய கியிச்சிடுவேன்! சிட்டு, எங்க ஓடற? ராணி... என் தங்கம், நீ வாம்மா இப்பால."

மங்கா, சிட்டு, ராணி மூன்றும் சினையாடுகள். பச்சையம்மாவின் பெண்கள் கல்யாணமாகி மணலி புதுநகருக்குப் போய்விட்டதால், வீட்டில் மிச்சமிருந்த பாசமெல்லாம் இந்த மூன்றின் மேல்தான் கொட்டியது. அவள் புருஷன் கருணாகரன் கடலுக்குப் போய்விட்டு வந்தால், "ஆடுங்க துன்னுச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். தன் சோறு அதற்கப்புறம்தான் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

கத்திரி வெயில் அந்த வருஷம் ஈவிரக்கம் இல்லாமல் அடித்தது. மழை பெய்து மாதக்கணக்காகி, தரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வேலிக்காத்தானைத் தவிர பச்சை என்று சொல்ல எதுவும் இல்லை. பச்சையம்மா ஒரு நீல டிரம்மைக் குறுக்கே அறுத்து, மர நிழலில் வைத்து, தன் குடத்துத் தண்ணியை அதில் ஊற்றி வைப்பாள். ஆடு குடிக்கும், தெருநாய் குடிக்கும், காக்கை முங்கிக் குளிக்கும். இருட்டினால் எலிகளும் வந்து ஏறும். அவற்றுக்கும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணி ஏது?

"வாயில்லாத ஜீவன், தண்ணிக்கு எங்க போவும்?" என்பாள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது! ஆனால் அந்த டிரம்மைக் கவிழ்த்துக் கழுவ மட்டும் அவளுக்கு மனசு வராது. ஒரு குடத்துக்காக லாரியில் முட்டி மோதுகிறவளுக்கு, இருக்கிற தண்ணியைக் கீழே கொட்ட எப்படிக் கை வரும்? பழைய தண்ணியின் மேலேயே புதுத் தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ரேகா இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறவள். இறால் கொம்பு குத்திக் குத்தி அவள் விரல்களில் எப்போதும் கீறல் இருக்கும். கல்யாணமாகி வருஷங்களாகியும் ரேகாவுக்கும் பிரகாஷுக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றித் தெருவில் யாராவது வாயைத் திறந்தால் பச்சையம்மா அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அப்படியொரு தோஸ்து இரண்டு பேருக்கும். வேலை முடிந்து வந்தால் ரேகா தன் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஆடுகளைத்தான் வந்து பார்ப்பாள்.

"யக்கா, மங்கா வயிறு தரையத் தொடுது பாரு. மூணு குட்டி போடும்போலக்கீது. இன்னா சோக்காக்கீது!"

ஆசையாகத்தான் சொன்னாள். அந்த வாரமே ஒரு மத்தியானம் மங்கா தரையில் விழுந்து கத்த ஆரம்பித்தது. மாசம் நிறையவில்லை. பச்சையம்மா ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளே தவிர வேறெதுவும் செய்யத் தெரியவில்லை. ரேகாதான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ தலைய மட்டும் புட்சிக்கோக்கா. எனக்குச் சின்னக் கை, நான் இஸ்துடறேன்."

வெறுங்கையால்தான் இழுத்தாள். வந்தது செத்த குட்டி. மஞ்சள் பூத்த மாதிரி இருந்தது. ரேகா அதைத் துணியில் சுற்றிவிட்டு, அந்த நீல டிரம்மிலேயே கையைக் கழுவிக்கொண்டு, பச்சையம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பெற்றவள் மாதிரி அழுதாள் என்றே சொல்லலாம்.

சில நாளில் சிட்டுவும் குட்டியைச் செத்தே போட்டது. அவ்வளவுதான், பச்சையம்மாவின் தலைக்குள் பேய் புகுந்துகொண்டது. காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்து ஆடுகளைச் சுற்றி, வாசலில் நெருப்பு மூட்டி அதில் போட்டாள். மிளகாய் கருகினால் நெடி ஏற வேண்டும். நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். பச்சையம்மா மூக்கை நெருப்புக்குள் விடாத குறையாக முகர்ந்து பார்த்தாள். நெடியே இல்லை. எப்படி வரும்? கடற்காற்று அந்த நேரம் விசுவிசுவென்று அடித்து, இருந்த நெடியையெல்லாம் மேற்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அங்கே ஒரு வரிசை வீடுகள் இருமித் தீர்த்தன. அதை யார் போய் இவளிடம் சொல்வது?

மறுநாள் தண்ணி லாரியில் ஊரே நின்றது. ரேகா குடத்தோடு வந்து, "யக்கா, ராணி எப்டிக்கீது?" என்று கேட்டாள்.

"கேக்காதடி! ராணியப் பத்தி நீ கேக்காத!" பச்சையம்மா சீறினாள். "வயிறு தரையத் தொடுது, மூணு குட்டின்னு நீதான சொன்ன? புள்ள இல்லாதவ கண்ணு பட்டா எந்த வயிறு தங்கும்?"

வரிசையே திரும்பி ரேகாவைப் பார்த்தது. யார் இந்த வார்த்தையைச் சொன்னாலும் ரேகா தாங்கியிருப்பாள், சொன்னது அவளுடைய அக்கா. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். வாசலில் நின்ற பிரகாஷிடம், "இன்னிலேந்து நமக்கும் அந்த வூட்டு ஆட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்தப் பேச்சே எடுக்காத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கருணாகரன் அன்றைக்கு மனைவியைக் கோபித்துக்கொண்டதைப் போல என்றைக்கும் கோபித்ததில்லை. "ஏன் பச்ச, நாக்கா அது? அந்தப் பொண்ணு கையாலதான மங்கா பொயச்சுது?"

சொன்ன மறுநிமிஷமே அந்த வார்த்தை பச்சையம்மாவையும் குத்தத்தான் செய்தது. ஆனால் ரோஷம் இருக்கிறதே, அது மன்னிப்புக் கேட்க விடுமா?

ஒரு வாரம் போயிற்று. இப்போது ராணியும் தீனி தின்னவில்லை. இந்தத் தடவை கருணாகரன் விடவில்லை. "ரேகாதான் இந்தப் பக்கமே வர்றதில்லையே, அப்பால எந்தக் கண்ணு பட்டுச்சு? மெளகா சுத்தினது போதும், டாக்டராண்ட போவலாம்" என்று ராணியை ஆட்டோவில் ஏற்றி, கால்நடை டாக்டர் மதியிடம் கொண்டுபோனார்.

மதி டாக்டர் ராணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். ஈறைப் பார்த்தாள். "அம்மா, இங்க பாருங்க. சிவப்பா இருக்கணும். மஞ்சளா இருக்கு. மூத்திரம் என்ன கலர்ல போகுது?"

"டீத்தண்ணி மாதிரி போவுது டாக்டரம்மா. வெயிலுன்னு நெனச்சேன்."

"இதுக்கு முன்னாடி ரெண்டு ஆடு குட்டிய செத்துப் போட்டுச்சுன்னு சொல்றீங்க. எலிக்காய்ச்சலான்னு பாக்கணும். மத்த ரெண்டையும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, மூணு ஆட்டுக்கும் ரத்தம், மூத்திரம் எடுத்து லேபுக்கு அனுப்பறேன். ராணிக்கு ஊசி இப்பவே போட்டுடலாம்."

"எலிக்காய்ச்சலா?" பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மழத்தண்ணி நின்னா வர்றதாச்சே! எங்க பக்கம் ஒரு சொட்டு கெடையாதும்மா."

"மழையில்லாத ஊருன்னுதான் எல்லாரும் இத விட்டுடறோம். ஆடு எங்க தண்ணி குடிக்குது?"

பச்சையம்மா பெருமையாக நீல டிரம்மைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல மதி டாக்டரின் முகம் மாறியது.

"வெயில் காலத்துல அந்த ஒரு டிரம்முக்குத்தானே எலியும் வரும்? எலி மூத்திரத்துல அந்தக் கிருமி இருக்கும். அது தண்ணியில கலக்கும், ஆடு குடிக்கும். அப்புறம் ஆட்டோட மூத்திரத்துலயும் செத்த குட்டியிலயும் அதே கிருமி இருக்கும். போனதும் டிரம்மைக் கொட்டிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க. கையில உறை போட்டுக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மா டிரம்மைக் கவிழ்த்தாள். அடியில் பாசியும் எலிப் புழுக்கையும் கொழகொழவென்று கிடந்தன. "சீ, கலீஜ்!" என்று முகத்தைச் சுளித்தாள். இந்தத் தண்ணியைத்தானே என் தங்கங்களுக்குப் பாசமாகக் குடிக்கக் கொடுத்தேன் என்று புலம்பிக்கொண்டே பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேய்த்தாள்.

ரேகாவுக்குக் காய்ச்சல் என்று அவள் காதிலும் விழுந்துதான் இருந்தது. கெண்டைக்காலில் உயிர் போகிற வலி, கண் மஞ்சளாகிவிட்டது, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரு பேசியது. பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். பச்சையம்மா இரண்டு தடவை அந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மதி டாக்டரின் போன் வந்தபோது அவள் ராணிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"லேப்ல சொல்லிட்டாங்கம்மா. எலிக்காய்ச்சல்தான். ராணிக்கு ஊசி கேட்டிருக்கு, பயப்படாதீங்க. ஆனா இது மனுஷங்களுக்கும் ஒட்டும். முக்கியமா கையில புண்ணு, கீறல் இருந்தா. செத்த குட்டிய வெளிய எடுத்தது நீங்களா?"

"நான் தலையத்தான் புட்சிகினு இருந்தேன்."

"அப்ப குட்டிய இழுத்தது யாரு?"

பச்சையம்மாவின் கையிலிருந்த தழை கீழே விழுந்தது. அத்தனை நாளாக அவள் வாய் உச்சரிக்க மறுத்த பெயர் அது.

"ரேகா," என்றாள். "ஐயோ டாக்டரம்மா... என் ரேகா."

காலில் செருப்பு மாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ஆட்டோ பிடித்து, பெரியாஸ்பத்திரியின் படிகளில் தடுக்கி விழுந்து, எழுந்து, வார்டைக் கண்டுபிடித்தாள். வராந்தாவில் பிரகாஷ் நின்றுகொண்டிருந்தான். தாடி மண்டிக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் குறுக்கே வந்தான்.

"இன்னும் இன்னா பாக்கிகீது சொல்றதுக்கு?"

"அடிக்கணும்னா அப்பால அடி நைனா. டாக்டராண்ட ஆட்டப் பத்தி சொன்னியா?"

"ஆடு, மாடு எதையாச்சும் தொட்டாங்களான்னு மொத நாளே கேட்டாரு. எங்களுக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னேன். அவதான் சத்தியம் வாங்கிகினாளே!"

பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளத்தில் இறங்கினாளா என்று டாக்டர் கேட்டதற்கும் அவன் இல்லை என்றுதான் சொல்லியிருந்தான். அது பொய்யில்லைதான். ஒவ்வொரு காய்ச்சலாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ரேகாவுக்கோ மூத்திரம் இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

வார்டு டாக்டரைப் பார்த்ததும் பச்சையம்மா மதி டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "டாக்டரே, எங்க ஆட்டுக்கு எலிக்காய்ச்சல்! செத்த குட்டிய இவதான் வெறுங்கையால இஸ்தா. கையெல்லாம் எறா கொம்பு குத்தின புண்ணு. தோ, எங்க டாக்டரம்மா லைன்ல கீறாங்க, நீங்களே கேளுங்க!"

கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் போனில் ஆட்டு டாக்டரும் ஆள் டாக்டரும் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்தவர் நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு, பச்சையம்மாவைப் பார்த்து, "இது தெரியாமத்தான் தடுமாறிட்டிருந்தோம். ரத்தம் எடுத்து உறுதி பண்ணிக்கறோம், மருந்த இப்பவே ஆரம்பிச்சுடறோம். நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றார்.

ரேகா கண்ணைத் திறந்தபோது காலடியில் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா... ராணி எப்டிக்கீது?"

இந்தக் கேள்விக்குத்தானே அன்றைக்கு அப்படிச் சீறினாள்! பச்சையம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். "நல்லாக்கீதுடி. நீ நல்லாயிட்டு வா. ராணிக்கு நீதான் பேறுகாலம் பாக்கணும்."

பல நாள் படுக்கைக்குப் பிறகு ரேகா வீடு திரும்பினாள். டிரம்முக்கு இப்போது மூடி வந்திருந்தது. ஆடு குடித்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு மூடிவிடுவாள் பச்சையம்மா. "தண்ணி போனா போவுது, உசுரு வேணும்" என்று யாரும் கேட்காமலே தெருவுக்குச் சொல்வாள்.

ராணி குட்டி போட்ட அன்று இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒற்றைக் குட்டி, நோஞ்சான், ஆனால் உயிரோடு வந்து விழுந்து தும்மியது. தெருவே கூடி நின்றது. ரேகாவின் முகம் மலர்ந்தது. "யக்கா, இன்னா சோக்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, குட்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பச்சையம்மா குட்டியைத் துடைத்து எடுத்து ரேகாவின் மடியில் வைத்தாள். தெரு முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள்.

"ஏன்டி நிறுத்தற? நல்லா பாரு, வாய் நெறையச் சொல்லு! கண்ணு பட்டு எந்தக் குட்டியும் செத்ததில்ல. நான் கழுவாத வுட்ட தண்ணியாலதான் செத்துச்சு. எல்லாரும் கேட்டுக்குங்க. ஆடு கொறமாசத்துல குட்டி போட்டா, கண்ணு வச்சது யாருன்னு தேடாதீங்க. டாக்டராண்ட போயி ரத்தத்த சோதிச்சுப் பாருங்க. செத்ததை வெறுங்கையால தொடாதீங்க. காய்ச்சல்னா தொட்டது எதையும் மறைக்காத டாக்டராண்ட சொல்லுங்க. என் வாய்க்கொயுப்பால இவ உசுரே போவ இருந்துச்சு."

கருணாகரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரேகா குனிந்து மடியிலிருந்த குட்டியைப் பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள்.

"இன்னா சோக்காக்கீதுக்கா!" என்றாள்.