வயிற்றில் இருந்த தலைகள்

மீன் இறங்குதளத்துக்குச் சுறா வந்தால் பெரியவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்ன சுறா என்று அவர் சொன்ன பிறகுதான் ஏலம். "பெரியவர் சொல்லிட்டா செத்த சுறாவும் ஆமான்னு தலையாட்டும்" என்று ஐஸ்காரர் கேலி செய்வார்.

இப்போது அந்த வேலையும் குறைந்துவிட்டது. புலிச்சுறா, வரிச்சுறா என்று கால் வைக்க இடமில்லாமல் கிடந்த தளத்தில், முழங்கை நீளம்கூட வளராத பால்சுறாக்கள்தான் வந்து விழுந்தன. குட்டி போடும் வயதுக்கு முன்பே வாரிக்கொண்டு வந்தால் இனம் எப்படித் தழைக்கும்?

அவர் குடும்பத்துப் படகுகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுறாவைத் தலையோடுதான் கரையேற்ற வேண்டும். பிடித்தது என்ன என்பதை நாலு பேர் பார்க்கட்டும் என்று அவருடைய அப்பா வைத்தது. அன்று காலை தம்பியின் படகிலிருந்து தலையில்லாத பெரிய உடல் ஒன்று இறங்கியது.

"தலை எங்கடா?"

"கயித்துல சிக்கிப் பிஞ்சு போச்சுண்ணே. சாம்பல் சுறான்னு சொல்லி முடிச்சிடுங்க. அதிகாரி வேற நிக்கிறாரு."

பெரியவர் முதுகைப் பார்த்தார். அரிவாளாய் உயர்ந்து வளைந்த துடுப்பு. கொம்பன் சுறா. அதைப் பிடிக்கத் தடை. சுத்தியல் போன்ற தலையை வெட்டி எறிந்தவனுக்கு, விலை போகும் துடுப்பை வெட்ட மட்டும் மனம் வரவில்லை.

"என்ன சுறா பெரியவரே?" என்றார் மீன்வளத் துறை அதிகாரி.

தம்பி காதருகே குனிந்தான். "பேரைச் சொன்னீங்கன்னா அண்ணன் தம்பி உறவு இன்னையோட சரி."

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளையில்லாத அவருக்குத் தம்பி குடும்பத்தை விட்டால் வேறு யாரும் இல்லை. இரவுச் சாப்பாடும் அவர்களோடுதான். கத்தியை எடுத்து வயிற்றைக் கீறினார். குட்டிகள் வழுக்கிக்கொண்டு விழுந்தன. எல்லாம் செத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சின்னஞ்சிறு சுத்தியல் தலை. தாயின் தலையை வெட்டியவன் வயிற்றுக்குள் இருந்தவற்றை மறந்துபோனான்.

"கொம்பன்" என்றார் பெரியவர். "எங்க வீட்டுப் படகுதான்."

அதிகாரி படகின் உரிமத்தை நிறுத்தி வைத்தார். "இதுக்குப் பேசாம எனக்கு விஷத்தை வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தம்பி போனான். ஐஸ்காரர் குனிந்து ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே வீட்டில் அண்ணன் பகுதிக்கும் தம்பி பகுதிக்கும் நடுவே ஒரு கதவு. அதைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. மாலையில் அவர் வீடு திரும்பியபோது அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, பெரியப்பா வந்துட்டாங்க." தம்பி மகளின் குரல்.

"நீ சாப்பிடு."

தட்டினால் தம்பி மனைவி திறந்திருப்பாள். அவர் தட்டவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வாடை போகவில்லை. மறுபடியும் கழுவினார். குழாய் ஓடிக்கொண்டிருந்தவரை அந்தப் பக்கத்துப் பேச்சு காதில் விழவில்லை.