டியூபாவுக்கு ஒரு விசா நீட்டிப்பு

பவுலியாசி ஆப்பிள் பறிக்க நியூசிலாந்துக்குப் போனதும் எங்கள் தேவாலய பேண்டு ஆட்டம் கண்டுவிட்டது. எங்கள் தீவில் டியூபா ஊதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆளையே விழுங்கிவிடும் போலிருக்கும் அந்தப் பித்தளை வாத்தியம் அடியில் "பம், பம்" என்று தாங்கினால்தான் மற்றவர்கள் ஊதுவது பாட்டு மாதிரி கேட்கும். அது இல்லாமல் நாங்கள் ஊதியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய்கள் இடம் மாறின. எங்கள் டோங்கா நாட்டின் எல்லாத் தீவு பேண்டுகளும் கலந்துகொள்ளும் போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் அந்தக் குழுவில் ஜால்ரா. வாத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

அப்போது வந்து சேர்ந்தார் டோர்பென். டென்மார்க்கில் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், திமிங்கிலம் பார்க்க வந்திருந்தார். நெட்டையான மனிதர். எங்கள் வெயிலில் வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார். ஒரு சாயங்காலம் எங்கள் பயிற்சியை எட்டிப் பார்த்தவர், மூலையில் சாய்ந்து கிடந்த டியூபாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். உட்கார்ந்தார், மடியில் ஏற்றினார், ஊதினார். எங்கள் பேண்டு மாஸ்டர் கெலேபி அழுதுவிட்டார். அவர் எதற்கெடுத்தாலும் அழுவார் என்றாலும் அன்று நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

டோர்பென் தினமும் வந்தார். ஊதி முடித்ததும் யாராவது ஒருவர் வீட்டுக்கு இழுத்துப் போய்ச் சாப்பாடு போடுவோம். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அவருடைய விசா போட்டிக்கு முன்பே முடிகிறது என்று தெரியும்வரை.

அதை நீட்டிக்க வேண்டுமென்றால் குடியேற்ற அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் ஒரே அதிகாரி லோசலின், கெலேபியின் மனைவி. "நம்ம வீட்டு ஆபீஸ்தானே" என்று கெலேபி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார். நானும் டோர்பெனும் பின்னால் போனோம்.

அலுவலகத்தில் ஈ, காக்கை இல்லை. லோசலின், எங்கள் ஊரில் மரியாதைக்கு உடைமேல் சுற்றிக்கொள்ளும் இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

"யாருமே இல்லையேடி!"

"இங்க டீ, காப்பி எதுவும் கிடையாது. உக்காருங்க ஐயா."

உட்கார்ந்தோம். பென்சில்களை வரிசையாக அடுக்கினாள். பிறகு பெரிய கூட்டத்தைப் பார்ப்பதுபோலச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க!" என்றாள்.

"இவருக்கு விசாவ நீட்டிக்கணும். உடம்பு சரியில்ல" என்றார் கெலேபி.

"என்ன உடம்புக்கு?"

"தலைசுத்தல். முட்டி வலி. வாந்தி."

"நேத்து நம்ம வீட்ல மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாரே?"

"அதான் வாந்தி."

லோசலின் பேனாவைக் கீழே வைத்தாள். கெலேபி வேறு பக்கம் தாவினார். "சரி, திமிங்கிலம் பாக்கணுமாம்."

"அதெல்லாம் தெக்க போயாச்சு."

"எல்லாமா போயிருக்கும்? ஒண்ணு ரெண்டு சோம்பேறி நிக்கும்ல?"

டோர்பெனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "அம்மா, பொய் வேணாம். நான் டியூபா ஊதணும். போட்டி முடிஞ்சதும் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

லோசலினின் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? திரும்பிப் போக டிக்கெட் இருக்கா? கைல செலவுக்கு இருக்கா?" எல்லாம் இருந்தது. அவள் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினாள். சந்தோஷத்தில் கெலேபிக்கு வாய் நிற்கவில்லை.

"பிரமாதமா ஊதுறாருடி! ஊதி முடிச்சா ஒரு முழுப் பன்னிக்குட்டியே உள்ள போகுது!"

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"ஊதுறதுக்குப் பன்னிக்குட்டி குடுக்குறீங்களா?"

"சும்மா, ஒரு அன்புக்கு..."

"தினமும் ஊதுறாரு, தினமும் குடுக்குறீங்க. அதுக்குப் பேரு கூலி. சுத்திப் பாக்க வந்தவரு கூலிக்கு வேல செய்யக் கூடாது."

"நீயுந்தானேடி லூ செஞ்சு போட்ட!"

லோசலின் வெளிறிப்போனாள். சேப்ப இலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் பொதிந்து அவள் சுட்டுக் கொடுத்த லூவை டோர்பென் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டிருந்தார். சட்டத்தை மீறியவர்களில் தானும் ஒருத்தி என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டுத் தன்மீதே புகார் சொன்னாள். அந்த மனிதர் சாப்பாட்டு வேளையில் இருந்திருக்க வேண்டும். "சோறு போடலன்னாலும் ஊதினா விருந்தாளி, நின்னுட்டா வேலக்காரன். பட்டினி போட்டுப் பாரும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

லோசலின் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாள் டோர்பெனுக்கு யாரும் எதுவும் தரக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. விருந்தாளியைப் பட்டினி போடுவதா என்று பெண்கள் கொதித்துப் போனார்கள். விடுதியில் காசு கொடுத்துச் சாப்பிடலாமே என்றால், விடுதிச் சமையல்காரி எங்கள் டிரம்காரனின் அத்தை. தன் கைபட்டால் அதுவும் பேண்டு கணக்கில் சேர்ந்துவிடும் என்று பயந்து அவள் அடுப்பையே மூட்டவில்லை.

சாயங்காலம் டோர்பென் கன்னம் ஒட்டிப்போய் வந்தார். டியூபாவை மடியில் வைத்தார். லோசலின் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். முதல் பாட்டு முடிவதற்குள் ஜன்னல் வழியாக ஒரு வாழைப்பழம் பறந்து வந்தது. அவள் அதைக் காற்றிலேயே பிடித்தாள். "யார் வீட்டுப் பழம்?" வெளியே யாரோ ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாவது பாட்டில் கெலேபி கோலால் தட்டி நிறுத்தினார். "யாருய்யா நடுவுல வேற சுருதில ஊதறது?"

"அது என் வயிறு. மன்னிக்கணும்" என்றார் டோர்பென்.

மறுபடி ஆரம்பித்தோம். மனிதர் நிறுத்தவே இல்லை. நெற்றியில் வியர்வை, கண்ணில் பூச்சி, இருந்தும் ஒரு "பம்" கூடத் தவறவில்லை. நான் ஜால்ராவை அடிக்கும்போதெல்லாம் அதை இரண்டு தட்டுகள் என்று நினைத்து ஏக்கமாகப் பார்த்தார். லோசலின் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "போதும்! நிறுத்துங்க!" என்று கத்தினாள். கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். டோர்பெனின் பாஸ்போர்ட்டை டிரம்மின் மேல் விரித்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு கூடை லூவோடு திரும்பி வந்தாள்.

"அம்மா, இது கூலி இல்லையே?" என்று டோர்பென் பயந்துகொண்டே கேட்டார்.

"வாயத் தொறங்க" என்று ஊட்டியேவிட்டாள்.

அதன்பின் ஊரே குற்ற உணர்ச்சியில் அவருக்குச் சமைத்தது. போட்டி நாளில் பேண்டு கோட்டை அவருக்கு மாட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கடைசிப் பாட்டின் நீண்ட ஊதலில் அவர் மூச்சை இழுத்தபோது நடுப் பொத்தான் தெறித்து என் ஜால்ராவில் பட்டு "டிங்" என்றது. நடுவர்கள் தலையை ஆட்டி ரசித்தார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு. நான்கு டியூபா வைத்திருந்த தலைநகர்க் குழு முதலில் வந்தது. கெலேபி வழக்கம்போல அழுதார்.

டோர்பென் சொன்னபடியே ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் லோசலின் அவரை யாரென்றே தெரியாதவள் மாதிரி பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து முத்திரை குத்தினாள். பிறகு கட்டிப்பிடித்து அழுதாள்.

டியூபா மறுபடி மூலைக்குப் போகவில்லை. அடுத்த வாரமே லோசலின் பயிற்சிக்கு வந்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பிடி ஊதணும்னு பாத்துட்டேன். நான் ஊர்க்காரி, எனக்கு யாரும் நீட்டிப்புத் தர வேணாம்" என்றாள். அவள் தாளம் சில சமயம் எங்களுக்கு முன்னால் ஓடும், சில சமயம் பின்தங்கும். திருத்தும் தைரியம் கெலேபிக்கு இல்லை. அவள் போகிற பக்கம் கோலை ஆட்டுகிறார், நாங்களும் அந்தப் பக்கமே போகிறோம்.