லிஃப்ட்காரர் தலைக்கு மேல் சுழன்ற காசு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி அறையில் சுண்டிவிடப்பட்ட காசு கீழே வரவில்லை. மேலே போனது, மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே நின்று கொஞ்சம் யோசித்தது, மூன்றாகப் பிரிந்தது, எதிரே நாற்காலிகளில் இருந்த மூன்று பேரின் தலைக்கு ஒரு சாண் மேலே ஆளுக்கொன்றாக நின்று சுழல ஆரம்பித்தது. சுண்டியவர் அந்த ஆஸ்பத்திரியின் மரபணு ஆலோசகர். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று கேட்டுக் கேட்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் வரைந்து கோடு இழுப்பவர் என்பதால், வந்து போகிறவர்களுக்கு அவர் கோடு போடும் மேடம். காசு வராததை அவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து விளக்கத்தைத் தொடர்ந்தார்.

மூவரும் உடன்பிறந்தவர்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் அண்ணன், நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும் தம்பி, நூலகத்தில் வேலை பார்க்கும் தங்கை. இவர்களைக் கூட்டிவந்து கதவோரம் நின்ற பெரியக்கா தையல்கடை நடத்துபவர். நாற்பத்தாறு வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, குடலில் ஒரு முழத்தை வெட்டி எடுத்த பதினேழாம் நாளே தையல் மெஷினை மிதித்தவர். அந்த வயதுக்கு இந்த நோய் சீக்கிரம் என்று சந்தேகப்பட்டுத்தான் டாக்டர்கள் அவரைக் கோடு போட அனுப்பினார்கள். அம்மா நாற்பத்து மூன்றில் வயிற்றுப் புண்ணில் போனார் என்பது குடும்பத்தின் கணக்கு. தாய்மாமா ஏணியிலிருந்து விழுந்து போனார் என்பதும் அதே கணக்குதான்.

“மாமா ஏணியிலேர்ந்து எப்போ விழுந்தார்?” என்று, முதல்முறை தனியாக வந்த பெரியக்காவிடம் கேட்டார் மேடம்.

“ஆஸ்பத்திரியில எட்டு மாசம் படுத்திருந்த பிறகு.”

“ஆஸ்பத்திரியில அவர் எதுக்குங்க ஏணி ஏறினார்?”

முப்பது வருடமாக இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பெரியக்கா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் அளவை மறந்தார். இவருக்கும் புற்றுநோய்தான் என்று மாமாவின் சதுரம் கறுப்பாக நிரப்பப்பட்டது. அதைப் பார்த்து அம்மாவின் வட்டமும் நிரம்பியது. பெரியக்காவின் ரத்தத்தைச் சோதித்ததில், செல்கள் பெருகும்போது விழும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பழுதாகியிருந்தது. “பிரிச்சுத் தைக்கிற ஆள் வேலைக்கு வரலைன்னு சொல்லுங்க,” என்று பெரியக்கா ஒரே வரியில் முடித்துவிட, மேடம் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு இன்றுவரை எல்லாருக்கும் சொல்கிறார்.

அந்தப் பழுது மற்ற மூவருக்கும் வந்திருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூ விழுந்தால் தப்பியாயிற்று. தலை விழுந்தால் பழுது உண்டு, நோய் இன்னும் இல்லை, ஆனால் வருடா வருடம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். இதைக் காட்டத்தான் மேடம் காசைச் சுண்டினார். ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும் என்றார்.

நூலகத் தங்கைதான் முதலில் ரத்தம் கொடுத்தார், பயம் விட்டல்ல, சத்தம் தாங்காமல். அவர் காசு வண்டு மாதிரி ரீங்காரம் போட, வாசகர்கள் ‘அமைதி காக்கவும்’ பலகையைக் கழற்றி அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் அறிக்கையைப் பிரித்தபோது காசு டங்கென்று மடியில் விழுந்தது: பூ. நீச்சல் மாஸ்டரின் காசு தண்ணீருக்குள்ளும் நிற்காமல் சுழன்று, அவர் மூழ்கும் இடமெல்லாம் சுழி உண்டாக்கி, குழந்தைகளை வரிசையாகக் கரையில் ஏற்றிவிட்டது. அவருக்குத் தலை. மறுவாரமே குழாய்ப் பரிசோதனை செய்துகொண்டார், ஒன்றுமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள், வழக்கம்போல விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

லிஃப்ட்காரர் மட்டும் ரத்தம் கொடுக்கவில்லை. காசு சுழல்கிற வரைக்கும் எதுவும் முடிவாகவில்லை, முடிவாகாத வரைக்கும் தனக்கு ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. அதோடு தங்கைக்குப் பூ, தம்பிக்குத் தலை, ஆகவே அடுத்தது பூவின் முறை என்று வேறு ஒரு கணக்கு வைத்திருந்தார். பெரியக்கா வாரம் ஒருமுறை தொலைபேசியில் திட்டினார். மேடம் ஒரே ஒருமுறை நேரில் கூப்பிட்டு, “முறையெல்லாம் காசுக்குத் தெரியாதுங்க. அது நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே விழுந்தாச்சு. நீங்க இன்னும் பார்க்கலை, அவ்வளவுதான்,” என்றார். லிஃப்ட்காரர் தலைக்கு மேலே விரலைக் காட்டி, “அப்போ இது என்ன, கொசுவா?” என்று கேட்டார்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. அவர் காசு சுழன்ற வேகத்தில் நல்ல காற்று வந்ததால், மின்சாரம் போன மதியங்களில் லிஃப்ட் கம்பெனி ஆட்கள் பதினொரு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேலாளர் அவருக்கு விடுப்பு கொடுப்பதையே கோடை முடியும் வரை நிறுத்தி வைத்தார். முடிதிருத்துகிறவர் இரண்டு கத்தரிக்கோல்களை இழந்தபின் உட்கார்ந்து வெட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டார். பைக்கில் போனால் ஹெல்மெட்டுக்கு மேலே ஒரு சாண் விட்டு, மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் காசும் கூடவே போனது. பார்த்தவர்கள் நானூறு பேர் இருப்பார்கள், ஒருவரும் இப்போது அதைப் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை.

அவருக்கு ஒரே மகள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பதினேழு வயது, பள்ளியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பதினொன்று பத்துக்கு அவள் தலைக்கு மேலும் ஒரு காசு வந்தது, அப்பாவுடையதில் பாதி அகலத்தில். பாதியில் பாதி வாய்ப்பு, எனவே பாதிக் காசு. ஏதோ புதுவகைக் காப்பி அடிக்கும் கருவி என்று கண்காணிப்பாளர் அவளை மூன்று முறை எழுப்பிச் சோதித்தார். வயது வரட்டும், இருபதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். மகள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது முடிந்த வாரம், சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள்.

“அப்பா, நாளைக்கு நான் ரத்தம் கொடுக்கப் போறேன்.”

“உனக்கென்னடி அவசரம்?”

“என் காசு விழ வேணாமா? பூ விழுந்தா எனக்கு விட்டுது. உங்களுது பாட்டுக்குச் சுத்தும்.”

“தலை விழுந்தா?”

“உங்களுதும் அதே நிமிஷம் விழும். பின்ன எனக்கு எங்கேயிருந்து வந்துச்சாம், அம்மா பக்கமா?”

“எங்க பக்கத்தை இழுக்காதே,” என்றது அடுப்படிக் குரல்.

லிஃப்ட்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தன் உடம்பில் இருப்பதை இருபது வயதுப் பெண் தனியாகப் போய்க் கேட்டு வந்து தனக்குச் சொல்வாள் என்பது அவர் கணக்கில் இல்லாத கணக்கு. ஆயிரத்துச் சொச்சம் லிஃப்டுகளைப் பழுது பார்த்தவர். புதுக் கம்பி போட்டால் முதலில் தான் ஏறிப் பார்த்த பிறகே மற்றவரை ஏற்றுவார். மறுநாள் காலை மகள் பல் தேய்த்து முடிப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டிவிட்டார். “நான்தான் முதல்ல,” என்று மட்டும் சொன்னாராம்.

மூன்று வாரம் கழித்து மேடம் அறிக்கையைப் பிரித்தார். காசு விழுந்தது, ஆனால் மூன்று வருட வேகம் சும்மா விடுமா? தரையில் உருண்டு, மேஜையை இரண்டு சுற்றுச் சுற்றி, இரும்பு பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேடம் கையில் காகிதம் இருந்தது, வாசித்தால் தெரிந்துவிடும். லிஃப்ட்காரர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்த டார்ச்சை எடுத்து, தரையில் குப்புறப் படுத்து, பீரோவுக்கு அடியில் வெளிச்சம் அடித்தார். லிஃப்டில் ஃப்யூஸ் போயிருக்கிறது என்று சொல்லும் அதே குரலில், படுத்தபடியே சொன்னார்: “தலைதான் மேடம். எந்தத் தேதிக்கு வரணும்?”

அந்த வெள்ளிக்கிழமை குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு கட்டிகள், ஒன்று கடுகு, ஒன்று பட்டாணி. பட்டாணி மெல்லக் குணம் மாறத் தொடங்கியிருந்தது. இரண்டையும் அதே குழாய் வழியாகவே கிள்ளி எடுத்துவிட்டார்கள். “இன்னும் ரெண்டு வருஷம் அந்தக் காசை வேடிக்கை பார்த்துட்டு இருந்திருந்தா, என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க. நேரா ஆபரேஷன் தியேட்டர்தான்,” என்றார் டாக்டர். லிஃப்ட்காரர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காற்று இல்லாமல் வியர்த்தது.

அறிக்கையைப் பிரித்த அதே நிமிடத்தில், கல்லூரியில் இருந்த மகளின் பாதிக் காசு முழுக் காசாகப் பருத்து ரீங்காரம் போட்டதை வகுப்பே பார்த்தது. அவளுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை, மறுநாளே ரத்தம் கொடுத்தாள். அவளுடைய மூன்று வாரமும் ஓடி முடிந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து போனார்கள். அவள் காசு உருளவெல்லாம் இல்லை, சொத்தென்று காலடியில் விழுந்தது. குனிந்தாள். தலை.

லிஃப்ட்காரர் முகம் சுருங்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “விடுங்கப்பா. எங்கே பார்க்கணும்னு தெரிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்துடலாம், ஒரே ஆட்டோ.”

“ஒரே நாளா? முந்தின நாள் குடலைக் கழுவ ஒரு ஜாடி மருந்து தருவாங்க, தெரியுமா? நம்ம வீட்ல கக்கூஸ் ஒண்ணுதான்டி இருக்கு!”

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வருடா வருடம் அவருக்கு ஒரு திங்கட்கிழமையும் அவளுக்கு ஒரு வியாழக்கிழமையும் எழுதிக் கொடுத்தார். இருவரும் கீழே இறங்கினார்கள். வாசலில் இருந்த கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, மகள் அந்தக் காசை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார்.