அப்பளம் சொன்ன வேகம்

ரேணுகா இன்ஜினியர் ஆவதற்கு ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. மின்காந்த அலைக் கோட்பாடு. ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் கோட்டை விட்டாயிற்று. வருகிற புதன்கிழமை எழுதப்போவது ஆறாவது, அதுவே கடைசி வாய்ப்பு. இதிலும் போனால், வேலைக்குப் போய்க்கொண்டே இத்தனை வருடம் படித்த டிகிரி கிடையாது. மறைமலை நகர் கம்பெனியில் செல்போன்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையும் காலத்துக்கும் கான்ட்ராக்ட்தான்.

அவள் படிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. படித்த விதம்தான் கோளாறு. புத்தகத்தைப் புள்ளி, கமா உட்பட நெட்டுருப் போடுவாள். தேர்வு ஹாலில் நாலாவது வரி மறந்தால் ஐந்தாவது வரி எட்டிக்கூடப் பார்க்காது. பிறகென்ன, மின்விசிறியை அண்ணாந்து பார்த்தே மீதி நேரத்தை ஓட்டிவிட்டு வருவாள்.

ஞாயிறு மத்தியானம் செங்கல்பட்டு வீட்டிலும் அதே கதைதான். நிலை அலைகள் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே சமைத்தவள் பொரியலைத் தீய்த்துவிட்டாள். மாமல்லபுரம் ஹோட்டல்களுக்குத் தண்ணீர் கேன் போட்டுவிட்டு கணவன் ஜெகதீசன் பசியோடு வந்துகொண்டிருந்தான். அப்பளமாவது பொரிக்கலாமென்றால் எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

அப்பளம் இருந்த இடம் மைக்ரோவேவ் அடுப்பு. கல்யாணச் சீரில் வந்தது. வந்த நாளிலிருந்து எலி நுழையாத அலமாரியாகக் குடும்பத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சுற்ற வேண்டிய கண்ணாடித் தட்டு இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மூடியாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. ரேணுகா அப்பளக் கட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பெரிய அப்பளம் ஒன்றைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

சாப்பிட உட்கார்ந்த ஜெகதீசன் அப்பளத்தைத் தூக்கிப் பார்த்தான். மூன்று இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பொங்கியிருந்தது. மற்றதெல்லாம் பச்சை.

"இன்னாமே இது? அப்பளத்துக்கு அம்மை போட்டுகீது?"

"துன்றதுன்னா துன்னு. இல்லாட்டி கம்முனு இரு."

"நெசமாத்தான் கேக்கறேன். ஒரே பொட்டி. இங்க வெந்துகீது, ரெண்டு வெரல் தள்ளி வேவாம கீது. ஏன்?"

சுடச்சுட ஒன்று சொல்லத்தான் ரேணுகா வாயைத் திறந்தாள். அதற்குள் கண் அந்த மூன்று வெள்ளைத் திட்டுகளில் போய் நின்றது. ஜெகதீசன் ஒரு துண்டைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனான்.

"தொடாதய்யா!"

அப்பளத்தைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "அலை போய் அந்தத் தகர சுவத்துல முட்டுது. முட்டித் திரும்பி வருது. போறதும் வர்றதும் மேல மேல உழுந்தா, சில எடத்துல ரெண்டும் சேந்து குதிக்குது. சில எடத்துல ஒண்ண ஒண்ணு அமுக்கிடுது. குதிச்ச எடம் வெந்துச்சு, அமுக்குன எடம் பச்சையா நிக்குது. அதுக்குத்தான்யா தட்டு சுத்தணும்!"

"இத்த எப்ப படிச்ச நீ?"

"ஆறு வருசமா படிச்சிகினு கீறேன். இப்பத்தான் தெரியுது." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் பாதி, இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்ற வயிற்றெரிச்சல் பாதி.

ஸ்கேல் வந்தது. பொங்கிய ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே ஒரு அப்பளத்தில் ஐந்து சென்டிமீட்டர், இன்னொன்றில் ஏழு. ஒன்றிரண்டை நம்பக் கூடாதென்று இருபது அப்பளம் உள்ளே போயிற்று. அத்தனையும் நாத்தனார் மகள் காதுகுத்துக்கென்று மாமியார் வாங்கிக் கொடுத்து வைத்தவை. சராசரி ஆறு. பாடத்தின்படி அது பாதி அலைதான், ஆகவே முழு அலை பன்னிரண்டு. அடுப்பின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டு, நொடிக்கு எத்தனை அலை என்று சொன்னது: இருநூற்று நாற்பத்தைந்து கோடி. ஜெகதீசன் போனில் இரண்டையும் பெருக்கினான்.

"ரெண்டு லட்சத்து தொண்ணூத்து நாலாயிரம் கிலோமீட்டர். ஒரு செகண்டுக்கா? இன்னாத்தோட ஸ்பீடு இது?"

"வெளிச்சத்தோடது," என்றாள் ரேணுகா. புத்தகத்தில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அப்பளத்தை வைத்து இவ்வளவு பக்கத்தில் போனதே பெரிது என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜெகதீசன் வெறும் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டு எழுந்தான்.

புதன்கிழமைக் கேள்வித்தாளில் அப்பளமும் இல்லை, அடுப்பும் இல்லை. கண்ணாடிமேல் சாய்ந்து விழும் அலையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ரேணுகா எழுத ஆரம்பித்தாள். வழக்கம்போல நாலாவது வரி மறந்தது. கண் தானாக மின்விசிறிக்குப் போனது.

சரி, அலை வந்து முட்டுகிறது, அப்புறம் என்ன செய்யும் என்று தன்னையே கேட்டாள். கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் உள்ளே நுழையும். படம் போட்டாள். படத்தைப் பார்த்துச் சமன்பாட்டை எழுதினாள். புத்தகத்தின் நாலாவது வரி கடைசிவரை வரவில்லை. அவளுடைய நாலாவது வரி வந்தது, பின்னாலேயே ஐந்தாவதும் வந்தது.

மார்க் அறுபத்து மூன்று என்பது ஒன்றரை மாதம் கழித்து வந்த சேதி. ரேணுகாவைக் கேட்டால், தான் பாஸானது அன்றைக்கே, பதினோரு மணி சுமாருக்கு என்பாள். அப்போதுதான், ஆறு தடவையில் முதல் தடவையாக, எழுந்து நின்று, "மேடம், பேப்பர் பத்தல. இன்னொண்ணு குடுங்க," என்று கேட்டாள்.