லாய்டின் தாடியும் செத்த ரிமோட்டும்

எங்கள் தண்டர் பே ஊரில் ஐஸ் ஹாக்கி நாக்-அவுட் ஆட்டங்கள் தொடங்கினால் ஆண்கள் சவரத்தை நிறுத்திவிடுவார்கள். ஊர் டீம் கோப்பையை வாங்க வேண்டும், இல்லை தோற்று வெளியேற வேண்டும். அதுவரை முகத்தில் கத்தி படக்கூடாது. இந்த வருஷம் பார்த்து எங்கள் டீம் தோற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. என் கணவன் லாய்டின் தாடியில் சூப் சொட்டியது, பாப்கார்ன் குடியிருந்தது. அந்தக் கண்றாவி ஒழிந்தால் போதும் என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை.

இறுதி ஆட்டம் சமனாகி, முதல் கோல் அடிப்பவர்களுக்கே கோப்பை என்ற கூடுதல் நேரம் தொடங்கப்போனது. சரியாக அப்போது, வெகுநேரமாக யாரும் ரிமோட்டைத் தொடாததால் டிவி திரை கறுத்து, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று கேட்டது.

"பார்க்காம, கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருக்கேன்?" என்று கத்திக்கொண்டே லாய்ட் ரிமோட்டை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்கையில் தட்டினான், ஊதினான், திரையில் முட்டுகிற மாதிரி நின்று அழுத்தினான்.

"இன்னும் நல்லா அழுத்துண்ணே," என்றான் அவன் தம்பி வெண்டல்.

"இதுக்கு மேல அழுத்தினா விரல் அந்தப் பக்கம் வந்துரும்டா!"

"பேட்டரியை மாத்து," என்றேன்.

சர்ச்சுக்குத் தீ வைக்கச் சொன்னது போல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"முதல் ஆட்டத்துலேருந்து இதே பேட்டரிதான், மார்லீன்! இதை மாத்தித் தோத்துட்டா ஊரே காறித் துப்பும்."

"போன்ல ஸ்கோர் பார்க்கட்டா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்னா உன்னை ஏரியில தூக்கிப் போட்டுருவேன்."

டிவிக்குள் படம் கொண்டுவரும் குச்சியைப் பிடுங்கிச் சொருகலாம் என்று லாய்ட் பின்னால் புகுந்தான். வெண்டல் டார்ச் பிடித்தான். ரிமோட் சோபாவில் அநாதையாகக் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். வீட்டில் புது பேட்டரி கிடையாது. ஆனால் லாய்டின் சவர மெஷினில் அதே அளவு பேட்டரிகள் வாரக்கணக்கில் சும்மா தூங்கின. அவற்றை ரிமோட்டில் போட்டேன். செத்தவற்றை மெஷினில் போட்டேன்.

தாடி முழுக்கத் தூசியோடு லாய்ட் வெளியே வந்து அழுத்தினான். திரை திறந்தது. அவன் உட்காரக்கூட இல்லை, எங்கள் டீம் பையன் ஒருவன் கோல் அடித்துவிட்டான். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் சீஸ் கிண்ணம் கவிழ்ந்தது. லாய்ட் ரிமோட்டுக்கு முத்தம் கொடுத்தான்.

"பேட்டரியை மாத்தியிருந்தா என்ன ஆயிருக்கும், பார்த்தியா?"

"சரி சரி, ஜெயிச்சாச்சில்ல? போய் சவரம் பண்ணு."

சற்று நேரத்தில் குளியலறையிலிருந்து டொக் டொக்கென்று தட்டும் சத்தம் வந்தது. "இது ஓட மாட்டேங்குதே!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் மூஞ்சி தொங்குவதைப் பார்க்கும் ஆசையில் நடந்ததை எல்லாம் உளறிவிட்டேன். லாய்ட் கதவருகில் வாயைப் பிளந்தபடி நின்றான். பிறகு தாடியை மெல்ல நீவினான்.

"அப்போ... ஜெயிக்க வெச்சது தாடியோட பேட்டரி."

"லாய்ட், வேண்டாம்."

"தாடிக்குன்னே இருந்த பேட்டரிடி! இனிமே இந்தத் தாடி மேல எவன் கை வெச்சாலும் ஒடிச்சிருவேன்!"

வெண்டல் கண் கலங்கித் தன் தாடியையும் தடவிக்கொண்டான். "அண்ணி, நீங்க டீமுக்குப் பண்ணினதை நாங்க மறக்கவே மாட்டோம்."